வீடு, வேலை, குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவே ஆர்சி ராக் கிராலர் (பாறைமேல் ஊர்ந்து ஏறும் ரிமோட் வண்டி) ஓட்ட முடியுமா? எங்கே, எப்போது ஓட்டுகிறீர்கள்?

முடியும். சொல்லப்போனால் ரிமோட் வண்டிகளிலேயே குடும்பஸ்தனுக்குத் தோதான வகை இது ஒன்றுதான் என்பது என் கட்சி. வேகமாகப் பறக்கும் பக்கி, டிரக் வகைகளுக்கு மைதானம் வேண்டும், அதுவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும், கொஞ்ச நேரத்தில் பேட்டரி காலி, சுவரில் மோதி ஏதாவது உடைந்தால் பார்ட்ஸ் வரும்வரை பெட்டியில் கிடக்கும். கிராலருக்கு வேண்டியது ஒரு பாறை. சோபா அளவு இருந்தாலும் போதும். நாம் நடக்கும் வேகத்துக்கு மேல் போகாது, நடுவில் யாராவது கூப்பிட்டால் சரிவிலேயே நிறுத்திவிட்டுத் திரும்பலாம். ரிமோட்டில் வேகம் கொடுக்கும் விசையை, அதாவது த்ராட்டிலை, விட்டதும் மோட்டாரே பிரேக் மாதிரி பிடித்துக்கொள்ளும், டிராக் பிரேக் என்பார்கள். வீட்டு வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன இருக்கிறது?

நான் இருப்பது ஓசூரில். மனைவிக்கு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை, எனக்கு வீட்டிலிருந்தே வேலை, ஆகவே துணி, மாவு, தண்ணீர், மகளைப் பாட்டு வகுப்புக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது எல்லாம் என் இலாகா. அதனால் "எப்போது" என்ற கேள்விக்கு என் பதில், எந்த வேலை ஆளை விடும், எந்த வேலை விடாது என்பதைப் பொறுத்தது.

வாஷிங் மெஷின் விடும். பட்டனை அழுத்திவிட்டால் முக்கால் மணி நேரம் அதன் பாடு. என்னிடம் இருக்கும் டிஆர்எக்ஸ்-4எம் என்ற வண்டி, 1/18 அளவு, அதாவது நிஜ வண்டியில் பதினெட்டில் ஒரு பங்கு, அதனுடன் வரும் 750 எம்ஏஎச் பேட்டரி பாறையில் நிதானமாக ஓட்டினால் அரை மணிக்கு மேல் தாங்கும். போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் மெஷின் கத்துவதற்கும் நான் கேட்டைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். கிரைண்டர் விடாது. உளுந்து அரையும்போது அடிக்கடி தண்ணீர் தெளிக்கணும், ஓரத்தில் ஒட்டுவதைத் தள்ளிவிடணும், தெருமுனைக்குக் கூடப் போக முடியாது. அப்போதைக்கு எஸ்சிஎக்ஸ்24 என்ற குட்டி வண்டி, 1/24 அளவு, ஏறக்குறைய ஒரு சாண் நீளம். சமையலறை வாசலில் தலையணை, அம்மிக்கல், கவிழ்த்த முறம் என்று போட்டு ஓட்டலாம். துவைத்து மடிக்காமல் கிடக்கும் துணிக் குவியல் நல்ல மலையாகத் தெரியும், ஆனால் அதில் மட்டும் ஏற்றாதீர்கள், நூலும் தலைமுடியும் ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டால் சக்கரத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். குக்கர் அடுப்பில் இருந்தால் ரிமோட்டைத் தொடவே வேண்டாம், எத்தனை விசில் வந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் சம்ப் நிரம்பும்வரை வாசலை விட்டு நகர முடியாது. அதற்காகவே வீடு கட்டியபோது மிச்சமான கருங்கல், உடைந்த ஹாலோ பிளாக், தேங்காய் மட்டை எல்லாவற்றையும் காம்பவுண்ட் ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்குக் குப்பை மேடு. இரண்டு ஐஸ்குச்சியை நட்டு நடுவில் புகுந்து வரணும் என்று வைத்துக்கொண்டால் அது போட்டிக்களம். வெளிநாட்டுப் போட்டிகளிலும் அடிப்படை இதுதான், இரண்டு குச்சிக்கு நடுவே ஒரு கேட், குச்சியைத் தொட்டால் புள்ளி போகும். எனக்கும் மகளுக்கும் நடக்கும் போட்டியில் விதிகளை அவள்தான் எழுதுவாள், அவளுக்குச் சாதகமாக.

பெரிய பயணம் என்றால் அந்தப் பாட்டு வகுப்பு நேரம்தான். ஒரு மணி நேரம் வெளியே காத்திருக்கும் அப்பாக்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நான் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் உள்ள பாறைக்குப் போய்விடுவேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறவனுக்குப் பாறைக்கா பஞ்சம்? மனை போட்டு விற்காமல் கிடக்கும் நிலம், ஏரிக்கரை, ரோட்டோரம், எங்கே பார்த்தாலும் கருங்கல். வெயிலிலும் மழையிலும் தோல் உரிந்து, மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், மென்மையான ரப்பர் டயருக்கு அதைவிட நல்ல பிடி கிடையாது. மழை விட்ட மறுநாள் கறுப்பாகப் பாசி படிந்த பக்கம் மட்டும் சோப்புத் தரை.

நான் அடிக்கடி போகும் பாறை முழங்கால் உயரம்தான், நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு. நேராக ஏற்றினால் முன்பக்கம் தூக்கி மல்லாந்துவிடும். இடது முன்சக்கரத்தை வெடிப்புக்குள் இறக்கி, ஸ்டீயரிங்கை முழுக்க இடதுபக்கம் ஒடித்து, டயரின் பக்கவாட்டுச் சுவர் கல்விளிம்பைக் கவ்வும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் த்ராட்டில், விரலை அழுத்துகிறோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும் அளவுக்கு. டயர் மடங்கும், உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கும், பாடி வலப்பக்கம் சாயும், பின் இடது சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரணக் காரில் அப்படி ஒரு சக்கரம் தொங்கினால் அதுதான் வீணாகச் சுற்றும், வண்டி நகராது. கிராலரில் இடது வலது இரண்டும் ஒன்றாகப் பூட்டியவை, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரென்ஷியலுக்கு வேலையே கிடையாது, தரையில் இருக்கும் சக்கரம் இழுத்துக்கொண்டே இருக்கும். (அதற்கு விலை, சமதரையில் சீக்கிரம் திரும்பாது, லாரி மாதிரி வளைத்துத் திருப்பணும்.) ஸ்டீயரிங்கை மெல்ல நேராக்கும்போது எடை முன்னால் சரியும், 'டக்' என்று மேலே வந்து நிற்கும். இல்லாவிட்டால் உருண்டு விழும். திரும்பக் கீழே வைத்து முதலிலிருந்து.

அங்கே ஆடு மேய்க்க வரும் ஒரு பாட்டி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏம்பா, இவ்ளோ மெதுவா போவுதே, பேட்டரி தீர்ந்துபோச்சா?" மெதுவாகப் போவதுதான் இதில் விளையாட்டே என்று விளக்கினேன். "அதுக்கு ஆடே மேய்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. பதில் சொல்ல முடியாத கேள்விகளை வைத்துக்கொண்டு அலையும் பாட்டிகள் இங்கே அதிகம்.

மெதுவாகப் போவது சும்மா வருவதில்லை. மோட்டாரில் கம்பிச் சுற்று அதிகமாக இருக்கும், 540 அளவு பிரஷ் மோட்டார் என்றால் 35டி, 55டி என்று எழுதியிருப்பார்கள் (டி என்றால் சுற்று), எண் கூடக் கூட வேகம் குறையும், ஊர்ந்து போவது சுலபமாகும். அதன்மேல் கியரிலும் நன்றாகக் குறைத்து இறக்குவார்கள். அப்புறம் எடை. எடை கீழேயும் முன்னாலேயும் இருக்க வேண்டும், அதனால்தான் முன் ஆக்ஸிலில் பித்தளைப் பாகங்கள் மாட்டுகிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் மோட்டாரை மாற்றத் துடிப்பார்கள். என்னைக் கேட்டால் மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு மென்மையான டயரும் முன்பக்கம் கொஞ்சம் பித்தளையும் போடுங்கள், அந்தப் பணத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அதில்தான். டிஆர்எக்ஸ்-4எம்முக்கு அண்ணன், 2017இல் வந்த டிஆர்எக்ஸ்-4, அதில் போர்ட்டல் ஆக்ஸில் என்று ஒன்று உண்டு, சக்கரத்தின் அருகே இன்னொரு ஜோடி கியரை வைத்து ஆக்ஸிலையே உயர்த்திவிடுவார்கள், கல் அடியில் இடிக்காது. நிஜ வண்டிகளில் யூனிமாக் லாரியில் இருக்கும் அதே ஏற்பாடு. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் 1/10 அளவு வண்டி ஸ்கூட்டர் டிக்கியில் நுழையாது. நமக்கு டிக்கிதான் முக்கியம்.

இந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி. டமியா நிறுவனம் 1987இல் கிளாட் பஸ்டர் என்று ஒரு மான்ஸ்டர் டிரக் விட்டது, முன்னும் பின்னும் ஆளுக்கொரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். அந்த ஆக்ஸில்களைப் பிடுங்கித்தான் அமெரிக்காவில் பலர் கையாலேயே கிராலர் செய்தார்கள். கடையில் வாங்கிப் பாறையில் வைக்கும் காலமெல்லாம் பிறகு வந்தது.

போகக்கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். ராயக்கோட்டை மலைக்கோட்டை மாதிரி தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கும் பாறைகளில் பொம்மை வண்டிதானே என்று இறங்காதீர்கள். மல்லச்சந்திரம் பக்கம் கற்திட்டைகள் இருக்கின்றன, பெருங்கற்கால ஆட்கள் பலகைக் கற்களை நிறுத்தி வைத்த ஈமச்சின்னங்கள், போய்ப் பாருங்கள், கையில் ரிமோட் இல்லாமல். சானமாவு காட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுப்பதில்லை. அது காப்புக்காடு, தவிர மழைக்காலம் முடியும் சமயத்தில் கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கி வரும். யானைக்கு டிராக் பிரேக் கிடையாது. கைவிட்ட கல்குவாரிகளும் வேண்டாம். பாறை அருமையாகத்தான் இருக்கும், ஆனால் விளிம்பு எப்போது உடையும் என்று தெரியாது, கீழே ஆழமாகத் தண்ணீர் நிற்கும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் இடமே இல்லை.

விலையைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். டிஆர்எக்ஸ்-4எம் 2022இல் வந்தபோது அமெரிக்காவில் 150 டாலர் அளவில்தான் விற்றது. இங்கே அந்தக் கணக்கு ஒத்துவராது. பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏறியது. போதாததற்கு 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு அது நல்லதாக இருக்கலாம், கிராலர்காரன் பர்ஸுக்கு நல்லதில்லை. அதனால் முதல் வண்டி டபிள்யூபிஎல், எம்என் மாதிரி சீன வண்டியாக இருப்பதில் தப்பே இல்லை, சில ஆயிரத்துக்குள் முடியும். கியரும், ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ என்ற குட்டி மோட்டாரின் பல்லும் பிளாஸ்டிக்காக இருக்கும், கல்லிடுக்கில் சக்கரம் மாட்டியிருக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒடித்தால் சர்வோ பல் போய்விடும், கொஞ்சம் பின்னால் எடுத்துவிட்டுத் திருப்புங்கள். அது ஓடி ஓடித் தேய்ந்த பிறகும் ஆசை தேயவில்லை என்றால் பெரிய பெயர்களுக்குப் போகலாம். அப்போதும் ஓட்டிய வண்டியைக் கைமாற்றி விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கிராலர் மெதுவாக ஓடுவதால் பழைய வண்டியும் பெரும்பாலும் உருப்படியாகவே இருக்கும்.

பேட்டரியில் மட்டும் சோம்பேறித்தனம் ஆகாது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, நிரம்பினால் 8.4 வோல்ட். வீட்டு வேலை பார்க்கிறவனுக்கு இதில்தான் சிக்கல். ஓட்டலாம் என்று சார்ஜ் ஏற்றி வைப்போம், விருந்தாளி வந்துவிடுவார், கேஸ் சிலிண்டர் வந்துவிடும், நான்கு நாள் அப்படியே கிடக்கும். நிரம்பிய நிலையில் கிடந்தால் லிப்போ சீக்கிரம் ஊதிவிடும். உடனே ஓட்டவில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும், நல்ல சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு பட்டன் இருக்கும். மறுபக்கம், 3 வோல்ட்டுக்குக் கீழே போகவும் விடக்கூடாது. சார்ஜ் ஏறும்போது கண்பார்வையில், துணி காயும் கொடிக்கும் சோபாவுக்கும் தள்ளி, மண் சட்டியிலோ இரும்புப் பெட்டியிலோ வையுங்கள். நான் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் சமையலறை மேடையின் மறுமுனையில், அடுப்புக்கு எட்டாமல் வைப்பேன். எப்படியும் அங்கேதான் நிற்கப்போகிறேன். ஏப்ரல், மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் பேட்டரியைப் போட்டு வெயிலில் விடாதீர்கள், சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குமேல் பாறையும் கை வைக்க முடியாமல் சுடும், உழவர் சந்தைக்குக் காய் வாங்கப் போகிற நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் மாலைதான்.

திரும்பி வந்ததும் பழைய டூத்பிரஷ்ஷால் செம்மண்ணைத் தட்டிவிட்டு, 1.5 மிமீ ஹெக்ஸ் சாவியால் சக்கரத்துப் பக்கத்துத் திருகுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுவேன். சின்ன வண்டிகளில் அவை கழன்றுகொண்டே இருக்கும், பாறையில் விழுந்தால் தேடிக் கிடைக்காது. எங்கள் வீட்டில் இதெல்லாம் வாசல்படிக்கு வெளியேதான் நடக்க வேண்டும், உள்ளே மண் வந்தால் மறுபடி பெருக்குவதும் நான்தான்.