முதியோர் இல்லத்துச் சாப்பாடு: ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே அகப்பையா?

கேள்வி: எங்கள் இல்லத்தில் 22 பேர். 15 அம்மாமார், 7 ஐயாமார். எல்லோருக்கும் ஒரே அளவில் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு துண்டு மீன் போடுகிறோம். ஐயாமார் மெலிந்துகொண்டே போகிறார்கள், அம்மாமார் பரவாயில்லை. ஆண்களுக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் போதுமா?
– இல்லப் பொறுப்பாளர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயாமாருக்குக் கூட்டிக் கொடுங்கள். ஆனால் அம்மாமார் பரவாயில்லை என்பதை அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். ஆண் மெலிந்தால் சாரம் இடுப்பில் நிற்காது, கழுத்தெலும்பு துருத்தும், பார்த்தவுடனே தெரியும். பெண்ணின் உடம்பில் கொழுப்பின் பங்கு இயல்பாகவே கூட. உள்ளே தசை கரைந்தாலும் மேலே கொழுப்பு மூடியிருக்கும்.

தையல் நாடா ஒன்று எடுங்கள். ஆளைக் கதிரையில் இருத்தி, பாதம் தரையில் பதிய வைத்து, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி நாடாவை இறுக்காமல் பிடியுங்கள். ஆணுக்கு 34 சென்ரிமீற்றருக்குக் குறைந்தாலும், பெண்ணுக்கு 33க்குக் குறைந்தாலும் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த எல்லை இது. கால் வீக்கம் இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனிச் சாப்பாடு. முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். இதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. 60 கிலோ ஐயாவுக்கு 60–72 கிராம், 45 கிலோ அம்மாவுக்கு 45–54 கிராம். கல்சியமோ 70 வயதுக்கு மேல் இருவருக்குமே 1,200 மில்லிகிராம். ஆனால் அந்த அம்மா சாப்பிடும் சோறு ஐயாவின் சோற்றில் பாதிதான் இருக்கும். அதனால் சோற்றைக் கூட்டி அவருக்குச் சத்துச் சேர்க்க முடியாது. சோற்றோடு போகும் கறிதான் கூட வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு நாள் கணக்கு இப்படி: முட்டை ஒன்று (6 கிராம்), சமைத்த மீன் 60 கிராம் (சுமார் 14), பருப்பு இரண்டு வேளை (12), பால் ஒரு கிளாஸ் (6), சோறும் இடியப்பமும் சேர்ந்து சுமார் 10. மொத்தம் 48. ஐயாவுக்கு இதன் மேல் இன்னொரு முட்டையும், உலர் எடையில் 30 கிராம் கடலையும், ஒரு அகப்பைச் சோறும் வந்தால் 60 தாண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாமல் டொக்டரைக் கேளுங்கள்.

பெரும்பாலும் பிழைப்பது பருப்பில்தான். மேலே சொன்ன 12 கிராம் வர, ஒருவருக்கு ஒரு வேளைக்கு 25 கிராம் உலர் பருப்பு வேண்டும். 22 பேருக்கு 550 கிராம். ஆள் கூடும்போது தண்ணீரை மட்டும் கூட்டினால் கணக்கு அங்கேயே விழுந்துவிடும். பரிமாறும்போது ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்கி அள்ளுங்கள். இல்லாவிட்டால் முதலில் வாங்குபவருக்குத் தண்ணீரும் கடைசி ஆளுக்குப் பருப்பும் போகும். பாலும் அப்படியே. தேநீரில் ஒரு கரண்டி பால்மா போட்டால் நிறம் மாறும், சத்துச் சேராது. 200 மில்லி லீற்றருக்கு 25 முதல் 30 கிராம் பால்மா கரைத்தால்தான் அது பால்.

இன்னொன்று. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்ட பழக்கம் எத்தனையோ அம்மாமாருக்கு இல்லத்திலும் விடாது. மீன் துண்டைப் பக்கத்திலிருப்பவரின் தட்டில் வைத்துவிட்டு "எனக்குப் போதும்" என்பார்கள். வாரத்தில் ஒரு நாளாவது, சாப்பிட்டு முடிந்த தட்டுகளை நின்று பாருங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது, சீனி வருத்தம், மெற்போமின் போடுகிறார். 68 கிலோ இருந்தவர் நான்கு மாதத்தில் 63 ஆகிவிட்டார். இல்லத்தில் எல்லோரும் "நல்லதுதானே, உடம்பு குறைகிறது" என்கிறார்கள். ஆனால் இப்போது கதிரையைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நல்லதல்ல. முயற்சி எடுக்காமல் மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் குறைந்தாலே ஊட்டக்குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். உங்கள் அம்மா எடையில் 7 சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கிறார். எழும்ப முடியாமற் போனதைப் பார்த்தால் போனதில் பெரும்பங்கு தசையாக இருக்கலாம். பருமனான பெண்களிடம் இதைக் கண்டுகொள்ளத் தாமதமாவதுதான் பெரிய ஆபத்து. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து இருக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால், அல்லது முடியாமலே போனால், கிளினிக்கில் சொல்லுங்கள்.

அங்கே கேட்க வேண்டியவை: மெற்போமின் பசியைக் குறைக்கிறதா? நெடுநாள் போட்டால் விற்றமின் பி12 குறையும், அதைச் சோதிக்கலாமா? அம்மா மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப் போட வேண்டாம், பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சியில்தான். தைரொய்ட் கோளாறு பெண்களிடம் கூட என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுப்பல் பொருந்துகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஈறு சுருங்கியபின் பழைய கட்டுப்பல் ஆடும், மீனும் கடலையும் தட்டில் மிஞ்சும். சீனிக்குப் பயந்து இரவில் இரண்டு பிஸ்கற்றோடு நிறுத்துவதும் நடக்கிறது. தளர்ந்த முதியவருக்குச் சீனிக் கட்டுப்பாட்டின் இலக்கை டொக்டர்கள் தளர்த்துவார்கள். அது என்ன இலக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 81. ஹீமோகுளோபின் 12.4. "12க்கு மேலே இருக்கிறது, பயமில்லை" என்றார் இல்லத்தில் ஒருவர். சரியா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: 12 என்பது பெண்களுக்கான எல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் ஆணுக்கு 13க்குக் கீழ் குருதிச்சோகைதான். வயதான ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் முதலில் குடலிலும் இரைப்பையிலும் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அஸ்பிரினும் மூட்டு வலிக் குளிசைகளும் அதற்கு வழக்கமான காரணங்கள். மலம் தார் போல் கறுத்தால் அன்றே காட்டுங்கள். காரணம் தேடாமல் இரும்புக் குளிசை மட்டும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே மாற்றலாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள்.

கேள்வி: பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு யாரும் தண்ணீர் குடிக்க மறுக்கிறார்கள். அம்மாமார் படுக்கை நனையும் என்கிறார்கள், ஐயாமார் இரவில் நாலைந்து முறை எழும்ப வேண்டும் என்கிறார்கள்.
– தாதி, தெஹிவளை

பதில்: இரண்டு பயமும் நியாயமானவை, காரணம் வேறு வேறு. பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றாலும் வயதாலும் இடுப்பின் அடித்தசை தளர்ந்திருக்கும், இருமினாலே சலம் கசியும். ஆண்களுக்குப் புரொஸ்ரேற் வீங்கிப் பாதையை நெரிக்கும், சலப்பை முழுதாகக் காலியாகாது.

குடிக்க வேண்டிய அளவு பெண்ணுக்கு நாளில் குறைந்தது 1.6 லீற்றர், ஆணுக்கு 2 லீற்றர். 200 மில்லி கிளாஸில் எட்டும் பத்தும். தேநீர், பால், இலைக்கஞ்சி எல்லாம் சேர்த்தி. இதில் பெரும்பகுதியை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள்: எழும்பியதும் ஒன்று, மூன்று வேளை மருந்தோடும் சாப்பாட்டோடும், பத்து மணிக்கு, மூன்று மணிக்கு. "தாகமா?" என்று கேட்டுக் கொடுக்க வேண்டாம். வயதாகும்போது தாக உணர்வு மங்கும், "இல்லை" என்றுதான் பதில் வரும். கிளாஸைக் கையில் கொடுங்கள். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டொக்டர் தந்த எல்லையே எல்லை.

அம்மாமாருக்குப் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கழிப்பறைக்குப் போக நினைவூட்டுங்கள். சலத்தை அடக்குவதுபோல் தசையை இறுக்கி ஐந்து செக்கன் பிடித்து விடும் பயிற்சியை நாளில் மூன்று முறை, எட்டு எட்டுத் தடவை செய்யச் சொல்லுங்கள். பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகும். ஐயாமாருக்குத் தடிமனுக்கு வாங்கும் சில பாணிகளே சலத்தை அடைத்துவிடும், கேட்காமல் கொடுக்காதீர்கள். சலம் முற்றாக நின்று அடிவயிறு பொருமினால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: படுக்கையில் இருப்பவரின் உயரத்தை எப்படி எடுப்பது?
– அதே தாதி

பதில்: முழங்காலையும் கணுக்காலையும் நேர்கோணத்தில் மடித்து, குதிக்காலின் அடியிலிருந்து முழங்காலின் மேற்புறம்வரை சென்ரிமீற்றரில் அளவுங்கள். பெண்ணுக்கு அதை 1.83ஆல் பெருக்கி, 84.88 கூட்டி, வயதை 0.24ஆல் பெருக்கி வந்ததைக் கழியுங்கள். ஆணுக்கு 2.02ஆல் பெருக்கி, 64.19 கூட்டி, வயதை 0.04ஆல் பெருக்கிக் கழியுங்கள். 78 வயது அம்மாவின் முழங்கால் அளவு 45 என்றால் உயரம் ஏறத்தாழ 148.5 சென்ரிமீற்றர். சூத்திரம் அமெரிக்கர்களை அளந்து எடுத்தது, நம்மவருக்குச் சற்று முன்பின் ஆகலாம். அடையாள அட்டையைப் பார்த்து ஆண், பெண் சூத்திரத்தை மாற்றிப் போடாமல் இருந்தால் சரி. அளந்த காலையும் திகதியையும் அட்டையில் குறித்து வையுங்கள், அடுத்த முறையும் அதே காலை அளக்க வேண்டும்.