கனடா ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்வது யார்?

திருகோணமலையில் இருந்தபடி நீங்களே மேன்முறையீடு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஸ்பொன்சர் செய்த உங்கள் கணவர்தான் கனடாவின் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். மறுப்புக்கான காரணங்கள் அவருக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாட்கள்தான் அவகாசம். இன்றே சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சட்டத்தரணி மாகாணச் சட்டச் சங்கத்தில் பதிவு பெற்றவர்தானா என்பதையும் சரிபார்க்கட்டும். வெற்றி நிச்சயம் என்று சொல்லும் முகவருக்குக் காசு கொடுக்கவே கூடாது.

“திருமணம் உண்மையானதல்ல” என்று எழுதியிருந்தால் மனம் தளராதீர்கள், மேன்முறையீட்டில் புதிய சான்றுகளையும் காட்டலாம். என் தங்கையின் விண்ணப்பத்தில் பதிவுத் திருமணப் படங்கள் நான்கே இருந்தன. மேன்முறையீட்டுக்கு மச்சானின் விமான டிக்கெட்டுகள், உப்புவெளி விடுதி ரசீது, அம்மம்மாவின் அந்தியேட்டியில் அவர் பந்தி பரிமாறும் படம் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கிக் கொடுத்தோம்.