தழுவல், விருது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்கர் பரிந்துரைகள் வெளிவரும் நாட்களில் எங்கள் நண்பர் குழுவில் ஆண்டுதோறும் ஒரே சண்டைதான். நாவலைப் படித்தவர்கள் புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். படிக்காதவர்கள் படம் நன்றாக இருந்தால் போதாதா என்பார்கள். 2025இல் தழுவல் திரைக்கதைக்கான விருது ‘கான்கிளேவ்’ படத்துக்குப் போனபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அது ‘நிக்கல் பாய்ஸ்’ படத்துக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கோல்சன் வொயிட்ஹெட்டின் மூலநாவலைப் படித்த நண்பர் ஒருவர், கேமரா வித்தையில் அந்த நாவலின் நிதானம் தொலைந்துவிட்டது என்றும், ‘கான்கிளேவ்’ மூலத்துக்கு விசுவாசமாக இருந்ததால் வென்றது நியாயமே என்றும் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு தழுவலை எதை வைத்து எடைபோடுவது?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் நண்பரின் மனக்குறையை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் மனத்துக்குள் வைத்திருந்த ஒரு கதாபாத்திரத்துக்குத் திரையில் வேறொரு முகம் வந்து அமரும்போது, நம்மிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டது போலத்தான் இருக்கும். நல்ல வாசகருக்கு மட்டுமே வரும் வலி அது. ஆனால் விசுவாசம் என்ற சொல்லை அளவுகோலாக வைத்தால், எதற்கு விசுவாசம் என்று உடனே கேட்க வேண்டியிருக்கிறது. சம்பவங்களுக்கா? எல்லாச் சம்பவங்களையும் வரிசை மாறாமல் எடுத்துவைத்தும் நாவலைத் தவறவிட்ட படங்கள் ஏராளம்.

ஒரு தழுவலைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதையை யார் சொல்கிறார்கள்? தன்மையிலா, படர்க்கையிலா? சொல்பவருக்கு எவ்வளவு தெரியும், அவரை எவ்வளவு நம்பலாம்? நாவலாசிரியர் முதல் வாக்கியத்தில் ‘நான்’ என்றோ ‘அவன்’ என்றோ எழுதும்போதே இதில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. கேமராவுக்கு ‘நான்’ என்று சொல்லத் தெரியாது. அது எவரையும் வெளியிலிருந்துதான் பார்க்கும். ஆகவே நாவலைத் திரைக்குக் கொண்டுவருபவர் எதை வெட்டுவது, எதைச் சேர்ப்பது என்பதற்கெல்லாம் முன்பாக, சொல்பவரை என்ன செய்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் இந்த முடிவைப் பின்தொடர்ந்தே வருகின்றன.

2024ஆம் ஆண்டு விருது விழாவில் இந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட ஐந்து படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ‘பார்பி’யை ஒதுக்கிவிடலாம். அதற்கு மூலநூல் என்று ஒன்று கிடையாது. அமெரிக்கத் திரைக்கதையாசிரியர் சங்கம் அதை அசல் திரைக்கதையாகவே கருதியது, ஆஸ்கரை வழங்கும் அகாடமிதான் ஏற்கெனவே இருந்த பாத்திரத்தைக் கொண்டது என்று தழுவல் பக்கம் தள்ளியது. மற்ற நான்கும் நூல்களிலிருந்து வந்தவை. நான்கிலும் சொல்பவர் மாறியிருக்கிறார்.

‘ஓப்பன்ஹைமர்’ படத்தின் மூலம் கை பேர்டும் மார்ட்டின் ஷெர்வினும் எழுதிய வாழ்க்கை வரலாறு. ஷெர்வின் 1980இல் தொடங்கிய வேலை அது. நூல் 2005இல்தான் வெளிவந்தது. ஆவணங்களையும் நேர்காணல்களையும் அடுக்கிவைத்து, மனிதரைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் நூல். கிறிஸ்டோபர் நோலன் வண்ணத்தில் வரும் காட்சிகளைத் திரைக்கதையில் தன்மையிலேயே எழுதினார். ‘அவர் நடக்கிறார்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நான் நடக்கிறேன்’ என்ற வகையில் எழுதுவது திரைக்கதை வழக்கத்திலேயே இல்லாத ஒன்று. பார்வையாளர் அந்தத் தாளைப் பார்க்கப்போவதில்லை என்றாலும், கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த ‘நான்’ தீர்மானித்துவிடுகிறது.

‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. மார்ட்டின் ஏமிஸின் நாவலில் மூன்று பேர் மாறிமாறித் தன்மையில் பேசுகிறார்கள்: ஒரு நாஜி அதிகாரி, முகாமின் தளபதி, பிணங்களை அகற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு யூதக் கைதி. இயக்குநர் ஜோனதன் கிளேஸர் மூவரின் குரலையும் எடுத்துவிட்டார். கற்பனைத் தளபதியின் இடத்தில் ஆஷ்விட்ஸ் முகாமின் உண்மையான தளபதி ருடால்ஃப் ஹோஸையும் அவர் குடும்பத்தையும் வைத்தார். வீட்டுக்குள் கேமராக்களை அசையாமல் பொருத்தி, நடிகர்களை அவற்றின் முன் வாழவிட்டார். தோட்டத்தில் குழந்தைகள் விளையாடுகின்றன. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து துப்பாக்கிச் சத்தமும் அலறலும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாவலின் காதல் கதை முழுவதும் போய்விட்டது. சம்பவக் கணக்கில் பார்த்தால் இதைத் தழுவல் என்றே சொல்ல முடியாது. ஆனால் குற்றத்தின் பக்கத்தில் சொகுசாகக் குடியிருப்பது எப்படி முடிகிறது என்ற நாவலின் கேள்வி அதில் அப்படியே இருக்கிறது. நான் பார்த்த மிகச் சிறந்த தழுவல்களில் ஒன்று.

‘புவர் திங்ஸ்’ பற்றி என் மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. அலாஸ்டேர் கிரேயின் நாவல் 1992இல் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி மெக்கேண்ட்லெஸ் என்ற மருத்துவரின் நினைவுக்குறிப்பு. மூளை மாற்றப்பட்டு மறுபிறவி எடுத்த பெல்லாவின் விந்தைக் கதையை அவர்தான் சொல்கிறார். இடையில் பெல்லா எழுதும் கடிதங்கள்கூட அவருடைய நூலுக்குள் இருந்தே நமக்குக் கிடைக்கின்றன. அந்தக் குறிப்பு முடிந்ததும், அவர் பெல்லா என்று எழுதிய அவர் மனைவியின் கடிதம் வருகிறது. என் கணவர் எழுதியது அத்தனையும் கட்டுக்கதை என்று அதில் அவள் சொல்லிவிடுகிறாள். அதுவரை ரசித்துப் படித்த பக்கங்களை நாம் சந்தேகத்தோடு திருப்பிப் பார்க்க வேண்டியதாகிறது. டோனி மெக்னமாராவின் திரைக்கதை அந்தக் கடிதத்தை விட்டுவிட்டு, கதையை கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு மாற்றி, தொடக்கத்திலிருந்தே பெல்லாவின் பக்கம் நின்றுகொள்கிறது. ஆண் ஒருவர் எழுதிய கதைக்குள் அடைபட்டிருந்த பெண்ணைப் படம் நேராகவே வெளியே கொண்டுவந்துவிட்டதால் இனிக் கடிதம் எதற்கு என்று வாதிடலாம். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் நாவலை மூடிவைத்த இரவில் எனக்கு இருந்த சந்தேகம் அரங்கை விட்டு வெளியே வந்தபோது இல்லை. உங்கள் நண்பர் இந்தப் படத்தைச் சொல்லி வருந்தியிருந்தால், அவரோடு சேர்ந்து நானும் வருந்தியிருப்பேன்.

விருதை வென்றது கார்ட் ஜெஃபர்சனின் ‘அமெரிக்கன் ஃபிக்‌ஷன்’. பெர்சிவல் எவரெட்டின் நாவலுக்குள், எழுத்தாளரான கதாநாயகன் ஆத்திரத்தில் எழுதும் பகடி நாவல் முழுவதுமாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. படத்தில் அவன் தட்டச்சு செய்யும்போது பாத்திரங்கள் அவன் அறையிலேயே தோன்றி வசனம் பேசுகிறார்கள். நடுவில் திரும்பி, அடுத்து நான் என்ன பேச வேண்டும் என்று அவனிடமே கேட்கிறார்கள். பல பக்கங்களின் வேலையை ஒரே காட்சி செய்துவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வொயிட்ஹெட்டின் நாவல் படர்க்கையில் எழுதப்பட்டது. 1960களில் ஃபுளோரிடாவின் சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் மாட்டிக்கொள்ளும் இரண்டு கறுப்பினச் சிறுவர்களை, குரலை உயர்த்தாமல், அருகில் நின்று சொல்கிறது. இயக்குநர் ரமெல் ராஸும் அவருடன் திரைக்கதை எழுதிய ஜோஸ்லின் பார்ன்ஸும் அந்தப் படர்க்கையைத் தன்மையாக்கினார்கள். நாம் சிறுவர்களில் ஒருவனான எல்வுட்டின் கண்களால் பார்க்கிறோம். அதனால் அவன் முகம் நமக்குத் தெரிவதில்லை. பாட்டி துணி தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியின் பளபளப்பில் அவன் உருவம் நழுவிப்போகும். பிறகு உணவுக்கூடத்தில் மற்றவனான டர்னரைச் சந்திக்கிறான். அந்தச் சந்திப்பு முடிந்ததும் அதே காட்சி மறுபடி தொடங்குகிறது, இம்முறை டர்னரின் கண்களால். எல்வுட்டின் முகத்தை நாம் நேருக்கு நேர் பார்ப்பது அப்போதுதான். நண்பன் ஒருவன் கிடைத்த பிறகே அவனுக்கு முகம் கிடைக்கிறது.

இதை வித்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாவலின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் நண்பருக்கு அது தெரியும். அந்த முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒருவன் இன்னொருவனின் கண்களை ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்று அவரை யோசிக்கச் சொல்லுங்கள். நாவல் கடைசிப் பக்கங்களில் வெளிப்படுத்துவதைப் படம் அந்த உணவுக்கூடத்திலேயே விதைத்துவிடுகிறது. நாவலின் நிதானம் தொலைந்தது என்று அவர் சொல்வது உண்மைதான். அந்த நிதானம் வொயிட்ஹெட்டின் வாக்கியங்களில் இருப்பது. வாக்கியங்களைக் கேமராவால் கொண்டுவர முடியாது என்று தெரிந்துகொண்டு, அவற்றுக்கு ஈடாக வேறொன்றைத் தேடியவர்களை நான் பாராட்டுகிறேன். என் கையில் வாக்கு இருந்திருந்தால் இந்தப் படத்துக்குத்தான் போட்டிருப்பேன்.

அதற்காக ‘கான்கிளேவ்’ வென்றதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். போப்பைத் தேர்ந்தெடுக்கக் கார்டினல்கள் கூடுவதைப் பற்றிய ராபர்ட் ஹாரிஸின் நாவலில் இத்தாலியரான கார்டினல் லொமேலி, படத்தில் லாரன்ஸ் என்ற ஆங்கிலேயராகிறார். மற்றபடி நாவலைப் போலவே படமும் அந்த ஒரு மனிதரை விட்டு விலகுவதில்லை. அவருக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும். திரைக்கதை எழுதிய பீட்டர் ஸ்ட்ராஹனுக்குச் சொல்பவரை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. இறுக்கிக் கட்டுவதே வேலையாக இருந்தது, அதை அவர் மிகச் சுத்தமாகச் செய்தார். ஆனால் இரண்டும் ஒரே வகை வேலை அன்று. ஒரே பிரிவில் வைத்து இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதில்தான் சிக்கல்.

சிக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பிரிவுக்கான பரிந்துரைகளை அகாடமியின் எழுத்தாளர் பிரிவு செய்கிறது. இறுதி வாக்கெடுப்பில் எல்லாப் பிரிவு உறுப்பினர்களும் கலந்துகொள்கிறார்கள். ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அதில் வாக்களிக்கலாம் என்ற விதியே 2025இல்தான் அறிவிக்கப்பட்டது. மூலநூலைப் படித்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. தழுவல் என்று பெயரிட்ட பிரிவில் எதிலிருந்து தழுவப்பட்டது என்பதைப் பாராமலே வாக்களிக்க முடிகிறது என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். நாவலாசிரியர் திரைக்கதையிலும் பங்கேற்றிருந்தால் தவிர, சிலை அவருக்குக் கிடைப்பதில்லை. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நூலகங்கள் 1988 முதல் வழங்கிவரும் ஸ்கிரிப்டர் விருது இதில் வேறுபட்டது. அதை நூலாசிரியருக்கும் திரைக்கதையாசிரியருக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள். 2025இல் அதையும் ‘கான்கிளேவ்’தான் பெற்றது, ஹாரிஸும் ஸ்ட்ராஹனும் சேர்ந்து.

அடுத்த பரிந்துரைப் பட்டியல் வரும்போது உங்கள் குழுவில் இப்படிச் செய்துபாருங்கள். எது விடுபட்டது என்ற பட்டியலைப் போடும் முன், நாவலின் முதல் பக்கத்தை ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு படத்தின் முதல் சில நிமிடங்களைச் சேர்ந்து பாருங்கள். பக்கத்தில் பேசிய குரல் திரையில் எங்கே போயிற்று என்று அங்கிருந்தே பேசத் தொடங்கலாம். ‘நிக்கல் பாய்ஸ்’ படத்தையே முதலில் எடுத்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி. உங்கள் நண்பர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் மனம் மாறாவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்.