ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பில் பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? இரண்டாம் ஆண்டில் மூச்சுமுட்டிய ஒருவரின் பதில்

கேட்டிருப்பவர் ஆங்கில இலக்கிய இளங்கலையில் முதலாண்டு மாணவர். வரும் ஆண்டுகளுக்கான விருப்பப் பாடங்களை இப்போதே குறித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நாவல் என்றால் உயிர், பழைய ஆங்கிலம் என்றால் நடுக்கம், இலக்கியக் கோட்பாட்டைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளலாமா, விடுமுறையில் எதை வாசிப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

நாவல் ஆசையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் குப்புற விழுந்த இடம் அதுதான். இரண்டாம் ஆண்டில் ஒரே பருவத்தில் மூன்று நாவல் தாள்களை எடுத்தேன்: பதினெட்டாம் நூற்றாண்டு நாவல், விக்டோரிய நாவல், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவல். பிடித்ததைத்தானே படிக்கப்போகிறோம், அது எப்படிப் பாரமாகும் என்று நினைத்தேன். ஆறாவது வாரத்தில் என் மேசையில் 'கிளாரிஸா', 'மிடில்மார்ச்', 'மோபி டிக்' மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. 'கிளாரிஸா'வின் முழுப் பதிப்பு ஒன்பது லட்சம் சொற்களைத் தாண்டும். எங்களுக்குச் சுருக்கப் பதிப்புதான், அதுவே தலையணை உயரம். 'மிடில்மார்ச்' மூன்று லட்சம் சொற்களுக்கு மேல், 'மோபி டிக்' இரண்டு லட்சத்துக்கும் சற்று அதிகம். நிமிடத்துக்கு 250 சொற்கள் என்று வைத்துக்கொண்டால் 'மிடில்மார்ச்' மட்டும் இருபது மணி நேரம். பென்சிலோடு, குறிப்பெடுத்துக்கொண்டு வாசித்தால் முப்பது. இந்தக் கணக்கை நான் பாடத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். மூச்சுமுட்டிய பிறகு போட்டேன்.

முடிக்க முடியாதபோது எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அத்தியாயச் சுருக்கங்களை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். 'மிடில்மார்ச்' முதல் அத்தியாயத்தில் டோரத்தியாவும் தங்கை சீலியாவும் இறந்துபோன தாயின் நகைகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். என்னிடம் இருந்த சுருக்கத்தில் இது ஒரே வரி: சகோதரிகள் நகைகளைப் பங்கிடுகிறார்கள். அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்று ஆசிரியர் கேட்டார். அந்த ஒரு வரியைச் சொன்னேன். "சரி, டோரத்தியா எதை எடுத்துக்கொள்கிறாள்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நகை எதுவும் வேண்டாம் என்று துறவி போலப் பேசிக்கொண்டிருந்தவள், வெயில் பட்டு மின்னிய மரகத மோதிரத்தையும் அதற்கு இணையான கைவளையையும் பார்த்தவுடன் மனம் மாறுகிறாள். தன் ஆசைக்கு ஆன்மிக விளக்கமும் கொடுத்துக்கொள்கிறாள். எண்ணூறு பக்க நாவலில் அவளுக்கு நேரப்போவதெல்லாம் அந்த மரகதத்தில் இருக்கிறது. சுருக்கத்தில் மரகதம் இல்லை.

ஆகவே ஒரு பருவத்துக்கு ஒரு பெருநாவல் தாள், அதற்கு மேல் வேண்டாம். கூடவே நாடகம், கவிதை, மொழி வரலாறு என்று வேறு வகை உழைப்பைக் கேட்கும் தாள்களை வையுங்கள். பாடத்தின் தலைப்பைப் பார்த்து முடிவெடுக்காமல், சென்ற ஆண்டின் வாசிப்புப் பட்டியலைத் துறையில் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு பெரிய தாளில் குறுக்கே வாரங்களையும் நெடுக்கே பாடங்களையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வாரத்துக்கான நூலையும் உத்தேசப் பக்கங்களையும் நிரப்புங்கள். கட்டுரை கொடுக்க வேண்டிய நாள்களைச் சிவப்பு மையில் குறியுங்கள். நான்கு சிவப்புப் புள்ளிகள் ஒரே வாரத்தில் வந்து விழுந்தால் அந்தக் கூட்டணி உங்களுக்கு ஆகாது. தேர்வால் மதிப்பிடப்படும் தாள் ஒன்றையும் கட்டுரையால் மதிப்பிடப்படும் தாள்கள் இரண்டையும் முன்பே கலந்து எடுத்தால் இந்த நெரிசல் பெரிதும் குறையும். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

பக்கக் கணக்கு கவிதையில் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' 434 வரிகள்தான். அரை மணி நேரத்தில் வாசித்துவிடலாம், வாசித்து முடித்ததும் ஒன்றும் புரியவில்லை என்பது மட்டும் தெளிவாகப் புரியும். கவிதைத் தாளுக்கு வாரம் பத்துப் பக்கம் என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு முறை, அதில் ஒரு முறை வாய்விட்டு, வாசிக்க நேரம் ஒதுக்குங்கள்.

இனி பழைய ஆங்கிலம், அதாவது ஏறத்தாழ பதினொன்றாம் நூற்றாண்டு வரை வழங்கிய ஆங்கிலம். தள்ளிப்போடாதீர்கள், எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் எடுங்கள். 'பியோவுல்ஃப்' 3182 வரிகள். ஆயிரமாவது ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட ஒரே ஒரு கைப்பிரதியில் தப்பிப் பிழைத்த காவியம். அதன் மொழியை அந்நிய மொழியாகவே கற்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் வாய்பாடு போலச் சொல்லிப் பழகுவதுதான் வழி. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மனப்பாடம் செய்து கரையேற முடியாது. கடைசி ஆண்டில் ஆய்வேட்டோடு இதையும் சுமந்த என் வகுப்புத் தோழி இரண்டையுமே அரைகுறையாகச் செய்தாள்.

தமிழில் இலக்கணம் படித்தவருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். யார் யாரை வெட்டினான் என்பதைச் சொல்லின் முடிவே காட்டிவிடும் என்பதால் சொற்களை முன்பின்னாக மாற்றிப்போட இடமுண்டு. இன்றைய ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் இதில் திக்குமுக்காடுவார்கள். இரண்டாம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை என்று பள்ளியில் படித்த நமக்கு இது பழகிய தெரு. பால் பாகுபாடு மட்டும் வேடிக்கையாக இருக்கும். பெண்ணைக் குறிக்கும் 'வீஃப்' என்ற சொல் அங்கே இலக்கணப்படி ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத மூன்றாம் பால். உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரித்துப் பழகிய நமக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு பழகிவிடும்.

பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸரின் இடைக்கால ஆங்கிலம் இதைவிட எளிது. ஆனால் அதைக் கண்ணால் மட்டும் வாசித்தால் சுவை செத்துவிடும். வீரனைக் குறிக்கும் 'நைட்' (knight) என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் ஏன் இத்தனை ஊமை எழுத்துகள் என்று சிறுவயதில் எரிச்சல்பட்டிருப்பீர்கள். சாஸர் காலத்தில் அவை ஊமை இல்லை. ஏறத்தாழ 'க்னிஹ்ட்' என்று எல்லா எழுத்தும் ஒலித்தது. ஒலி மாறிப்போனது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. பொருளும் இப்படியே இடம் மாறியிருக்கிறது. இன்று 'இனிமையான' என்ற பொருளில் வழங்கும் 'நைஸ்' அன்று 'அறிவற்ற' என்று பொருள்பட்டது. சங்கப் பாடலை உரையில்லாமல் திறந்து, தெரிந்த சொல்லாக இருக்கிறதே என்று இன்றைய பொருளைப் பொருத்திவிட்டு மாட்டிக்கொள்வோமே, அதே பொறி. 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவடைந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ஒவ்வொரு சொல்லின் பொருளும் காலப்போக்கில் எப்படி நகர்ந்தது என்பதை மேற்கோள்களோடு காட்டும். உங்கள் நூலகத்தின் வழியாக அதன் இணையப் பதிப்பு கிடைக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள்.

மொழி வரலாற்றுத் தாள் கிடைத்தால் விடாதீர்கள். அதேபோல, விவிலியத்தை இலக்கியமாக வாசிக்கும் தாள் இருந்தால் அதையும் எடுங்கள். மதப் பாடம் எனக்கெதற்கு என்று நான் விட்டேன். அடுத்த பருவத்தில் மில்டனின் காவியம் 'பாரடைஸ் லாஸ்ட்' வந்தது. பன்னிரண்டு காண்டங்கள், பத்தாயிரம் வரிகளுக்கு மேல், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவிலியக் குறிப்புகள். கண் மேலும் கீழும் ஓடியே களைத்துப்போனது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் நடை மில்டனோடு நிற்கவில்லை, 'மோபி டிக்' வரை வந்து ஒலிக்கிறது. முழுவதும் வேண்டாம், ஆதியாகமம், யோபு, சங்கீதங்கள், ஒரு சுவிசேஷம், இறுதியில் வெளிப்படுத்தல் என்று வாசித்தாலே பாதி அடிக்குறிப்புகள் தேவைப்படாது.

பதிப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வகுப்பில் எந்தப் பதிப்போ அதையே வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' வகுப்புக்கு நான் வேறொரு பதிப்போடு போனேன். பைத்தியம் பிடித்த லியர், எதிரே இல்லாத மகள்களை நிறுத்தி விசாரணை நடத்தும் இடத்தை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் புத்தகத்தில் அப்படி ஒரு விசாரணையே இல்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டார்களோ என்று புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது: 1608இல் அச்சான வடிவத்தில் அந்தப் பகுதி உண்டு, 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பில் இல்லை, நான் வைத்திருந்தது பிந்தையதை மட்டும் பின்பற்றிய பதிப்பு. அந்த அவமானத்தில் ஒரு நன்மையும் விளைந்தது, அந்த ஆண்டின் நல்ல கட்டுரையை இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் எழுதினேன். 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தாலும் 1818 பதிப்பா 1831 பதிப்பா என்று பாருங்கள். முதலாவதில் எலிசபெத் கதாநாயகன் விக்டருக்கு இரத்த உறவு, இரண்டாவதில் எடுத்து வளர்க்கப்பட்ட பெண்.

கோட்பாட்டைக் கடைசி ஆண்டுக்குத் தள்ள வேண்டாம், முதலாண்டிலும் எடுக்க வேண்டாம். என் கணக்கில் அதற்கேற்ற இடம் இரண்டாம் ஆண்டின் பிற்பகுதி. கையில் பத்து இருபது நூல்களாவது இல்லாமல் சசூர், பார்த், சயீத் என்று கோட்பாட்டாளர்களிடம் போனால் உதாரணம் தெரியாமல் சூத்திரம் ஒப்பிப்பதாகிவிடும். கடைசி ஆண்டில் எடுத்தாலோ, கற்றதைப் பயன்படுத்திப் பார்க்கக் கட்டுரைகள் மிச்சமிருக்காது. பயமாக இருந்தால் ஒரு சண்டையிலிருந்து தொடங்குங்கள். 1899இல் இதழில் வெளிவந்த கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' பற்றி நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் ஓர் உரை நிகழ்த்தினார். கான்ராட் இனவெறியர் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். முதலில் கான்ராடை வாசியுங்கள், அடுத்து அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலை, பிறகு அந்த உரையை. யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால், கோட்பாடு என்ற பெயரில் பயமுறுத்தும் கேள்விகளில் பாதியை நீங்களே கேட்டிருப்பீர்கள். இப்படி ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் நூல்கள் வெவ்வேறு தாள்களில் சிதறிக் கிடக்கும். 'ஜேன் ஐர்' விக்டோரிய நாவல் தாளில் இருக்கும், அதில் மாடியில் அடைபட்ட மனைவிக்குக் கதை கொடுத்த 'வைட் சர்காசோ சீ' நாவல், காலனிய ஆட்சியின் விளைவுகளைப் பேசும் பின்காலனியத் தாளில் இருக்கும். அந்த இரண்டு தாள்களும் அடுத்தடுத்த பருவங்களில் வருமாறு பார்த்துக்கொண்டால் ஓர் உழைப்புக்கு இரண்டு பலன்.

ஆய்வேட்டைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். எந்தக் காலகட்டத்தில் எழுதத் தோன்றுகிறதோ அந்தக் காலகட்டத்தில் இரண்டு தாள்களாவது அதற்கு முன் முடிந்திருந்தால் போதும். ஒரு விருப்பப் பாடத்தைத் துறைக்கு வெளியே, வரலாற்றிலோ மொழியியலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை வாசிப்புக்கு நீண்ட பட்டியல் போடாதீர்கள், பாதி கிழிந்த பட்டியல் குற்ற உணர்வைத்தான் தரும். அடுத்த பருவத்தின் தாள்களில் எந்த நூல் மிகத் தடிமனோ அதை மட்டும் எடுத்து இப்போதே முடியுங்கள். முடிக்கும்போது ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இரண்டு வரி உங்கள் கைப்படக் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுவாசிப்புக்கு நேரமில்லாத வாரம் ஒன்று கட்டாயம் வரும். அப்போது அடுத்தவர் எழுதிய சுருக்கத்தைத் தேடிப் போகாமல் அந்த வரிகளைப் பாருங்கள். மரகதம் போன்றவற்றை மறக்காமல் குறித்துவையுங்கள்.