கேள்வி பதில்: காசு கேட்காத பஸ்

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுனில் படகு ஜெட்டிக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் சுற்றிவரும் கேட் (CAT) பஸ் இலவசம். எங்கள் பக்கம் மட்டும் சில்லறை தேட வேண்டியிருக்கிறது. சிற்றூர்களிலும் தோட்டப்புறங்களிலும் எல்லா பஸ்ஸையும் இலவசமாக விட்டால் கட்டுப்படியாகாதா?
(வாசகி, நிபோங் திபால்)

பதில்: ஆகும் அம்மா. சொல்லப்போனால் கோலாலம்பூரைவிட உங்கள் ஊருக்குத்தான் சுலபம். அங்கே எல்ஆர்டி ரயிலில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் கார்டைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கட்டணத்தை விட்டால் பெரிய துண்டு விழும். தோட்டப்புற பஸ்ஸில் ஏறுவது யார்? பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள். பெட்டியில் விழும் காசு, பஸ் ஓடும் செலவில் சிறு பங்குதான். அந்தப் பெட்டிக்கே செலவு இருக்கிறது: வாங்க வேண்டும், பழுதுபார்க்க வேண்டும், காசை எண்ணிப் பத்திரமாக வங்கியில் சேர்க்க வேண்டும். நேரமும் போகிறது. என் சிறுவயதில் பாலிக் பூலாவ் போகும் மஞ்சள் பஸ்ஸில் கண்டக்டர் தோல்பையோடு நம்மிடம் வந்து டிக்கெட் கிழிப்பார், பஸ் அது பாட்டுக்கு ஓடும். இப்போது எல்லாம் டிரைவர் ஒருவர் தலையில். பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்து முடிக்கும்வரை வண்டி நகராது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லோகன் என்றொரு சிறு நகரம், சுற்றிலும் பால்பண்ணைகள். 1992-ல் பஸ் தொடங்கியபோதே கட்டணம் இல்லை. இன்றும் இல்லை. ஸ்மித்ஃபீல்ட், ஹைரம் போன்ற பக்கத்து ஊர்களுக்கும் அப்படியே ஓடுகிறது. பணம் பெரும்பாலும் உள்ளூர் விற்பனை வரியிலிருந்தும் மத்திய அரசு மானியத்திலிருந்தும் வருகிறது.

பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1997-ல் இலவசமாக்கினார்கள், கூட்டம் பல மடங்கு பெருகியது. கூட்டத்துக்கேற்ப வண்டி விட வேண்டும், செலவும் ஏறியது. 2013-ல் நகராட்சி கையை விரித்துவிட்டது.

ஆக, கேள்வி உங்களுக்குத்தான் திரும்புகிறது. இங்கே நகராண்மைக் கழகத்தின் கையில் இருப்பது விற்பனை வரி அல்ல, வீட்டுக்கும் கடைக்கும் நாம் கட்டும் மதிப்பீட்டு வரி. அதில் கொஞ்சம் கூட்டினால் சம்மதிப்பீர்களா? சம்மதம் என்றால், சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கும்போது 'இலவசம்' என்று முதல் வரியில் எழுதாதீர்கள். அரை மணிக்கொரு பஸ் கேளுங்கள், இரவு வேலை முடிந்து வருபவர்களுக்கு ஒரு கடைசி பஸ் கேளுங்கள். இலவசம் மூன்றாவது வரி. இரண்டு மணி நேரம் வராத பஸ் இலவசமாக இருந்து யாருக்கு என்ன பயன்?

கேள்வி: கோலாலம்பூரில் இலவச பஸ் வெளிநாட்டவருக்குக் கிடையாதாமே, நியாயமா?
(வாசகர், செந்தூல்)

பதில்: கோ கேஎல் என்ற அந்த பஸ்ஸில் அவர்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). புக்கிட் பிந்தாங்கில் ஒரு தேத்தண்ணீர் விலைகூட இல்லை. விடுங்கள்.

கேள்வி: இலவசம் என்றால் வேலைவெட்டி இல்லாதவர்கள் ஏறிக் குளிர்க் காற்றில் தூங்குவார்களே?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: டிக்கெட் எடுத்தவர்களும் தூங்கத்தான் செய்கிறார்கள், நான் உட்பட. ரகளைதான் பிரச்சினை. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1989-ல் இலவசம் விட்டு, பஸ்ஸுக்குள் தொல்லை மிஞ்சியதால் டிரைவர்களே எதிர்த்தார்கள். மறு ஆண்டோடு நிறுத்தினார்கள். அது பெரிய நகரம். சிற்றூரில் டிரைவருக்கு ஏறுகிறவனின் அப்பா பெயர்வரை தெரியும். வாலாட்டினால் வீட்டுக்கே சேதி போய்விடும்.