நாய்க்கு எலும்பு கொடுக்கலாமா? எந்த எலும்பு, எப்படி?

கடிக்கக் கொடுக்கும் எலும்பு, நாய் முழுதாகத் தின்று தீர்ப்பதற்கல்ல. ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் சுரண்டி மெல்வதற்கான வேகாத எலும்பு. குழம்பில் வெந்ததை எந்த நாய்க்கும் போடவே போடாதீர்கள். எலும்புக்கு வளையும் தன்மையைத் தருவது கொலாஜன் என்ற புரதம். சூட்டில் அது சிதைந்துவிடும். பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் நாராகத் தொங்கும். காய்ந்த குச்சியோ சடக்கென்று முறிந்து, முனை ஊசியாக நிற்கும். வெந்த எலும்பும் அப்படித்தான். அந்த ஊசி தொண்டையையும் குடலையும் கிழித்துவிடும்.

நாயின் வாயைவிடப் பெரிய துண்டாக, ஆட்டுக் கழுத்தெலும்பு போன்றதைக் கொடுங்கள். உடல் பாரம் தாங்கிய மாட்டுக் காலெலும்பு வேண்டாம், மேல் கடைவாய்ப்பல்லே பிளந்துபோகும். வளையமாக வெட்டிய நல்லியெலும்பு கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்ளும். பிறகு எலும்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்து 10–15 நிமிடம் மெல்லவிடுங்கள். விழுங்கும் அளவுக்குச் சிறுத்ததுமே வாங்கிவிடுங்கள். பச்சை எலும்பில் வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம், கையையும் தரையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வாந்தி, மலம் வராமல் முக்குதல், மலத்தில் ரத்தம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

"தெருநாய் கோழியெலும்பைத் தின்று நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். குடல் கிழிந்து எங்கோ ஒதுங்கிச் செத்த நாய் அவர்கள் கண்ணில் படுவதில்லை.