ஹார்ட்விக் ஹால்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹால் என்ற பழைய மாளிகை பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சார், ஆறு கோபுரங்கள் இருக்கின்றனவே, போருக்காகக் கட்டிய கோட்டையா?

இல்லை. எதிரிக்குப் பயந்தவர்கள் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைக்க மாட்டார்கள். 1590இல் தொடங்கிய வேலை இது. 1597இல் குடிபுகுந்தவர் எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. ஊர் அவரை 'பெஸ்' என்றே அழைக்கும். கோபுர உச்சிகளில் கல்லில் செதுக்கிய ஈ, எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான்.

கேள்வி: அவ்வளவு பணம் ஏது?

சிறிய நிலக்கிழார் வீட்டுப் பெண். நான்கு முறை மணந்தார், நான்கு முறையும் விதவையானார். ஆனால் கணவர்களின் சொத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது அநியாயம். கணக்கு வழக்கைத் தானே சரிபார்த்தவர் அவர். வீட்டுக்கான கல் குன்றின் அடிவாரத்திலேயே வெட்டப்பட்டது. கண்ணாடிக்கும் அவருக்குச் சொந்தப் பட்டறை இருந்தது.

கேள்வி: சுவரே இல்லாத மாதிரி ஜன்னல்கள். கட்டடம் எப்படி நிற்கிறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வீட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு தடித்த சுவர் ஓடுகிறது. முதுகெலும்பு போல அதுதான் பெரும் பாரத்தைத் தாங்குகிறது. கணப்புகளையும் புகைபோக்கிகளையும் பெரும்பாலும் அதிலேயே அடக்கிவிட்டதால் வெளிச்சுவரில் ஜன்னல்களுக்கு இடம் கிடைத்தது. அப்படியும் சில ஜன்னல்கள் பொய் ஜன்னல்கள். கண்ணாடிக்குப் பின்னால் புகைபோக்கிதான் இருக்கும்; வெளியழகு கெடக்கூடாது என்று வைத்தவை. அப்புறம், மேலே போகப்போக ஜன்னல்கள் உயரமாவதையும் கவனியுங்கள். விருந்தினரை வரவேற்கும் பெரிய அறைகள் உச்சி மாடியில் இருப்பதே காரணம். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. வொல்லட்டன் ஹால் என்ற மாளிகையும் அவர் வேலைதான்.

கேள்வி: ஜன்னல் வரி கட்ட வேண்டியிருந்ததா?

பெஸ் காலத்தில் இல்லை. வீட்டின் ஜன்னல்களை எண்ணி விதித்த அந்த வரி 1696இல்தான் வந்தது. அவர் 1608லேயே இறந்துவிட்டார்.

கேள்வி: ஸ்காட்லாந்து ராணி மேரி இங்கே சிறையிருந்தாராமே?

இந்த வீட்டில் இல்லை. அவருக்கு 1587இலேயே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது. பெஸ்ஸின் நான்காம் கணவர் பல ஆண்டுகள் மேரியைக் காவலில் வைத்திருந்தார், ஆனால் வேறு மாளிகைகளில். கதை ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

கேள்வி: போனால் எதைத் தவறவிடக் கூடாது?

நீண்ட கூடத்தில் தொங்கும் கிதியோன் திரைச்சீலைகள், மொத்தம் 13. பைபிளில் வரும் கிதியோனின் கதையைச் சித்திரமாக நெய்தவை. எலிசபெத் ராணியின் அரசவைப் பிரமுகர் கிறிஸ்டோபர் ஹாட்டனின் குடும்பத்திடமிருந்து பெஸ் வாங்கியவை. ஹாட்டனின் குலச்சின்னத்தின் மேல் தன் சின்னத்தை ஒட்டவைத்தார்; அதிலிருந்த பெண்மான்களுக்குக் கொம்பு சேர்த்துக் கலைமான்களாக்கினார். வீடு 1959இல் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் வந்தது. திரைச்சீலைகளைப் பழுதுபார்க்க அவர்களுக்கு 24 ஆண்டுகள் ஆயின. 2023இல்தான் வேலை முடிந்தது. பக்கத்தில் போய், அந்தக் கொம்புகளைத் தேடிப் பாருங்கள்.